ஆலைக்கு முன்னால் வந்த நிழல்

சில்லாங்கரிசலில் ஆலை வருவதற்கு முன்னால் ஆலையின் நிழல் வந்துவிட்டது. அது ஒரு பங்குனி மாதக் காலை. ஊருக்குக் கிழக்கே பொட்டலில் கம்பெனிக்காரர்கள் போட்டிருந்த முள்கம்பி வேலிக்குள் ஒரு செங்கல்கூட இறங்கியிருக்கவில்லை, பூமிபூஜை நடந்த இடத்தில் வாடிய மாலையும் உடைத்த தேங்காய்ச் சிரட்டையும்தான் கிடந்தன, ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூட மைதானத்தின் மேலும் பஸ் நிற்கும் முக்கின் மேலும் அந்தோணியம்மாளின் டீக்கடைக் கூரையின் மேலும் செண்பகவடிவின் மிளகாய்க் களத்தின் மேலும், ரம்பப் பல் கூரையோடும் பருத்த உடம்போடும் நெடிய புகைபோக்கியோடும், ஒரு ஆலையின் முழு நிழல் அசையாமல் விழுந்து கிடந்தது.

முதல் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், மேலே ஒன்றும் இல்லை, குனிந்து பார்த்தார்கள், கீழே நிழல் இருந்தது, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கு நாலு எட்டு வைத்து அதற்குள் வந்து நின்றுகொண்டார்கள். அந்த ஊர் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான். கரிசல்காட்டில் மழை ஏமாற்றும், கரண்ட் ஏமாற்றும், வெயில் மட்டும் ஒருநாளும் ஏமாற்றாது. ஒதுங்க மரம் கிடையாது, இருப்பதெல்லாம் சீமைக்கருவேல், அதன் நிழலில் ஒரு கோழி நிற்கலாம், ஆள் நிற்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில் ஓசியில் ஒரு ஏக்கர் நிழல் கிடைத்தால் அதனிடம் போய் நீ எங்கிருந்து வந்தாய் என்று யார் கேட்பார்கள்? பொழுது ஏற ஏற அது சுருங்கவில்லை, பொழுது சாயச் சாய அது திரும்பவும் இல்லை, சூரியன் எங்கே நின்றாலும் எனக்கென்ன என்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. அறிவியல் வாத்தியார் கரும்பலகையில் சூரியனை வரைந்து, வேலியை வரைந்து, அம்புக்குறி போட்டுப் பார்த்தார், எந்தப் பக்கம் போட்டாலும் சரிவரவில்லை என்றதும் அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

ஒருத்தி மட்டும் அந்த நிழலைப் பார்த்த மாத்திரத்தில் மண்ணை வாரி அதன்மேல் இறைத்தாள். அவள்தான் செண்பகவடிவு. ஊருக்கு வடிவு.

வடிவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, வாய் கொஞ்சம் நீளம், கோபம் வந்தால் எதிரே நிற்பது சொந்தமா அசலா என்று பார்க்கமாட்டாள். காடுகாடாகப் போய் மிளகாய்ப் பழம் வாங்கிவந்து களத்தில் காயப்போட்டு வத்தலாக்கி விற்பது அவள் பிழைப்பு. புருஷன் ஆவுடையப்பன் லோடு ஆட்டோ ஓட்டினான். ஒரே மகள் தனுஜா பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. ஆலை வேண்டாம் என்று கோர்ட்டில் போட்டிருந்த வழக்கில் முதல் மனுதாரர் வடிவு, இரண்டாவது மனுதாரர் டீக்கடை அந்தோணியம்மாள், அதற்குக் கீழே தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை அது. அதற்கு அனுமதி வாங்க கம்பெனி கொடுத்திருந்த வரைபடத்தில் சில்லாங்கரிசல் பள்ளிக்கூடமே இல்லை; பள்ளிக்கூடம் இருக்கவேண்டிய இடத்தில் 'தரிசு' என்று எழுதியிருந்தது.

வடிவுக்கு ஈயம் தெரியும். அவள் கல்யாணத்துக்கு முன்பே அவள் அண்ணன் அப்படி ஒரு உருக்காலையில் வேலைக்குப் போனவன். போகும்போது நெல்மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டவன், திரும்பி வந்தபோது ஈறுகளில் நீலக்கோடு ஓடியிருந்தது, மணிக்கட்டு எழும்பவில்லை, டீ தம்ளரை மேசையிலேயே வைத்து மாடு மாதிரி குனிந்து உறிஞ்சினான், குனிந்தபடியே தங்கச்சியை ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை வடிவால் மறக்க முடியவில்லை. உருக்குகிற ஆண்பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், அதன் புகையைச் சுவாசித்துக்கொண்டு பாடம் படிக்கிற பிள்ளைக்கு என்ன கதி என்பதுதான் அவள் வழக்கு. மற்றதெல்லாம் வக்கீல் சேர்த்தது.

நிழல் வந்த செய்தி கேட்டு வக்கீல் தில்லைநாயகம் நகரத்திலிருந்து அடித்துப்பிடித்து வந்தார். தலை நரைத்தவர், கம்பெனிகளோடு மோதி மோதி நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். மைதானத்தில் நடந்து நடந்து நிழலின் ஓரங்களைப் பார்த்தார், புகைபோக்கியின் நிழல் எங்கே போய் முடிகிறது என்று அதன் மேலேயே நடந்து போனார், அது ஆறாம் வகுப்புச் சுவரில் ஏறி நின்றது. அதற்கும் மேலே, வெள்ளைச் சுவரில், புகையின் நிழல் நெளிந்து கொண்டிருந்தது. கரும்பலகை மேலும், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் மேலும், முன்பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தனுஜாவின் முகத்தின் மேலும் அது ஊர்ந்து போனது, பிள்ளைகள் கையை நீட்டி நீட்டி அதைப் பிடித்து விளையாடினார்கள்.

"இதைவிடச் சாட்சி வேணுமாம்மா?" என்றார் வக்கீல். "பள்ளிக்கூடமே இல்லைன்னு படம் போட்டான். எங்கே வந்து விழுவேன்னு அதுவே வந்து காட்டுது. கோர்ட்டுல இருந்து ஆள் வந்து கண்ணால பார்க்கட்டும். நான் மனு போடறேன்."

அது நல்ல யோசனைதான். ஆனால் கோர்ட்டுக்கென்று ஒரு வேகம் உண்டு, ஊருக்கென்று ஒரு வேகம் உண்டு. கோர்ட்டு அந்த மனுவை எடுத்துப் படிப்பதற்குள் ஊர் அந்த நிழலில் குடியேறிவிட்டது. அந்தோணியம்மாள் கடை பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டாள், போதாமல் கோவில்பட்டிக்குப் போய் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வந்தாள். முடிவெட்டுகிறவர் கடையைப் பூட்டிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு வந்தார். பஸ் டிரைவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கண்ணயர்ந்தார்கள். ஆட்டோக்காரர்கள் புகைபோக்கிப் பக்கம் யாருக்கு என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தத் தெருக்காரர் கூரை நிழலில் உட்காருவது, எந்தத் தெருக்காரர் ஓரத்தில் உட்காருவது என்ற பழைய வழக்கெல்லாம் புதிய நிழலுக்குள் வந்து சேர்ந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்குள் புழுங்க வைக்காமல் நிழலுக்கே கூட்டிவந்து காப்பி கொடுத்தார்கள், சம்பந்தங்கள் சட்டென்று படிந்தன. கைப்பிள்ளைகளை அங்கே தூங்கப்போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் சிணுங்காமல் தூங்கின. பிறகு ஒருநாள் யாரோ அதற்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இன்னார் என்று சொன்னால் வம்பு, வேண்டாம்.

வடிவின் களத்தில் மட்டும் நிழல் தன் வேலையைக் காட்டியது. மிளகாய்ப் பழத்துக்கு ஈவு இரக்கம் இல்லாத வெயில் வேண்டும், காய்ந்து உரசினால் சலசலக்க வேண்டும். நிழலில் கிடந்த பழம் காயாமல் வெளுத்தது, வெளுத்துக் கறை படிந்து சண்டு வத்தலாகப் போனது, சண்டு வத்தலை வியாபாரி காலால் தள்ளிவிடுவான். வடிவு அள்ளிக் குப்பையில் கொட்டினாள். கொட்டும்போது நிழலை ஏசினாள், வேலியை ஏசினாள், நிழலில் கால்நீட்டிச் சீட்டு விளையாடியவர்களையும் சேர்த்து ஏசினாள், அங்கேதான் அவளுக்கு விரோதம் முளைத்தது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது கோர்ட்டு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. அட்வகேட் கமிஷனர் என்று பெயர். இடத்தைப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கோர்ட்டில் கொடுக்க வேண்டியவர். வடிவு வீடு வீடாகப் போனாள். ஒருநாள், ஒரே ஒருநாள், யாரும் நிழலுக்குள் நிற்க வேண்டாம், வெயிலில் வரிசையாக நின்று அவருக்கு அந்த நிழலை வெறுமையாகக் காட்டுவோம், அது பிள்ளைகள் மேல் ஊர்வதைக் காட்டுவோம் என்று கெஞ்சினாள், அவள் கெஞ்சி ஊர் பார்த்ததில்லை. எல்லோரும் சரியென்றார்கள். அந்தோணியம்மாள், "கடைய அன்னைக்கு அடைச்சிருதேன்ட்டி, போதுமா?" என்றுகூடச் சொன்னாள்.

கமிஷனர் வந்த நேரத்தில் வடிவு பள்ளிக்கூடத்துக்குள் தலைமையாசிரியையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை நேரத்தில் வெளியாளை வகுப்புக்குள் விட முடியாது என்று அந்தம்மா ஒற்றைக்காலில் நின்றார். வெளியே கார் வந்து நின்றது. இறங்கியது ஒரு சின்ன வயசுப் பையன், மீசை இப்போதுதான் கறுத்திருந்தது, அந்த வெயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தான், இறங்கி நிற்பதற்குள் கழுத்திலிருந்து வியர்வை ஊற்றியது. வரிசையில் நின்ற ஊர் அதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்கும்? வந்தவனை வெயிலில் நிறுத்திப் பேச அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. கடன்காரன் வந்தாலும் ஜப்திக்காரன் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை. ஆவுடையப்பன், வடிவின் புருஷன், முதல் மனுதாரரின் புருஷன், வரிசையை விட்டு ஓடினான், கைவைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்தான், தோள் துண்டால் அதைத் துடைத்தான், நிழலிலேயே நல்ல நிழல் எதுவோ அங்கே, புகைபோக்கி நிழலுக்கு நடுவில் போட்டான்.

"இங்கன உக்காருங்க சார். கூரைப் பக்கத்தைவிட இங்கன குளுமையா இருக்கும்."

அவ்வளவுதான், வரிசை கலைந்தது. அடைத்த கடையை அந்தோணியம்மாள் திறந்தாள், நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்தாள். ஒருவர் விசிறியோடு வந்தார். ஒருவர் காரோட்டியையும் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார். கமிஷனர் கோட்டைக் கழற்றினான், கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டான், சர்பத்தைக் குடித்தான், அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டான்.

"இந்த நிழலாலே உங்களுக்கு ஏதாவது இடைஞ்சல் இருக்கா?"

சர்பத் தம்ளரைக் கையில் வைத்திருக்கிற விருந்தாளி அப்படிக் கேட்டால் அந்த ஊருக்கு ஒரே பதில்தான் தெரியும்.

"ஒரு இடைஞ்சலும் இல்ல சார்! நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க."

அதைத்தான் அவன் எழுதிக்கொண்டான். வடிவு மைதானத்தைத் தாண்டி ஓடிவந்து பார்த்தபோது அவன் இரண்டாவது தம்ளர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கையோடு வகுப்புக்கு இழுத்துப்போனாள், சுவரில் நெளிந்த புகை நிழலைக் காட்டினாள், பிள்ளைகள் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னார்கள், அவன் அதையும் எழுதிக்கொண்டான். நேர்மையான பையன். எதையும் விடவில்லை என்பதுதான் வினை.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை மூன்று தெருவுக்குக் கேட்டது.

"வந்த ஆள வெயில்ல காயப்போடச் சொல்லுதியா? அது மனுசன், உன் வத்தல் இல்ல" என்றான் ஆவுடையப்பன்.

"வந்தவன் விருந்துக்கு வரலங்க! நம்ம புள்ளைய எரிக்கப்போற அடுப்ப அளக்க வந்தான். அவனுக்கு அந்த அடுப்பு மேலயே பாய விரிச்சுப் போட்டிருக்கீங்க!"

"எனக்கு மனசு கேக்கல."

"மனசாம் மனசு. எங்கண்ணன் குனிஞ்சு டீ குடிச்சதப் பாத்திருந்தா தெரியும், எந்த மனசு எதக் கேக்குதுன்னு."

ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவன் வீட்டில் சாப்பிட்டான், தூங்கினான், பேசவில்லை.

கம்பெனி மேனேஜர் அதுவரை அந்த நிழல் எங்களுடையது இல்லை என்று சாதித்து வந்தவர். கமிஷனர் அறிக்கையைப் படித்ததும் நிழல் எங்களுடையதுதான் என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். பத்து ஆட்கள் ஒரு வேனில் ஊருக்குள் வந்தார்கள், நிழலில் சிமெண்டுப் பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள், குடிதண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், அப்புறம் மெதுவாக ஒரு சொல்லை அங்கே போட்டுவிட்டுப் போனார்கள்: ஆலைக்குத் தடை வந்தால் நிழல் இருக்காது. அந்தச் சொல்லுக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் தெருத்தெருவாகத் தழைத்தது. வழக்கில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் அந்தோணியம்மாளும் கொடுத்தாள்.

வடிவு டீக்கடைக்கே போனாள். நிழலின் ஓரத்தில், வெயிலில் நின்றுகொண்டாள், உள்ளே கால் வைக்கவில்லை.

"அக்கா, உங்க பேரன் அந்தப் பள்ளிக்கூடத்துலதானே மூணாவது படிக்கான்?"

"படிக்கான். அதுக்கென்ன?"

"அவன் ஈறு நீலமாப் போனா இந்த நிழல வச்சுத் தேச்சுவிடுவீங்களா?"

கடையில் இருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்தார்கள். அந்தோணியம்மாள் வடிகட்டித் துணியை விசிறி எறிந்துவிட்டு வெளியே வந்தாள்.

"என் பேரனை உன் வாயால சொல்லாத, சொல்லிட்டேன். இருவது வருசமா இந்த அடுப்புக்கும் வெயிலுக்கும் நடுவுல நின்னு வெந்து செத்தவ நானு. இப்பத்தான் உடம்புல ஒரு குளிர்ச்சி படுது. உன் வத்தல் காயலன்னு ஊரு வெயில்ல கெடந்து சாகணுமாட்டி? பிள்ளை பிள்ளைன்னு சொல்லிட்டு நீ களத்துக்குத்தானே கேஸ் நடத்துத? எங்களுக்குத் தெரியாதாக்கும்!"

அதில் பாதி பொய், பாதி உண்மை, உண்மைப் பாதிதான் வடிவைச் சுட்டது. அவளுக்குக் களமும் வேண்டியிருந்தது, மகளும் வேண்டியிருந்தாள், எது முதலில் என்று அவளைத் தராசில் நிறுத்திப் பார்க்க ஊருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? "நாசமாப் போங்க. நிழலுக்குள்ளயே கெடந்து நாசமாப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து அவளுக்குக் குழாயடியில் குடம் வைக்க இடமில்லை, ஆவுடையப்பனின் ஆட்டோவை லோடுக்குக் கூப்பிட ஆளில்லை, தனுஜாவோடு நிழலில் சேர்ந்து சாப்பிட ஒரு பிள்ளையையும் விடவில்லை. தனுஜா வெயிலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா மீது அவளுக்கும் கோபம்தான்.

வாய்தா நாளில் கம்பெனி வக்கீல் எழுந்து சட்டப்புத்தகம் எதையும் புரட்டவில்லை. கமிஷனர் அறிக்கையின் ஒரே ஒரு பத்தியை மெதுவாக, சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை மெல்கிறவர் மாதிரி வாசித்தார். பிறகு சொன்னார்:

"கோர்ட்டு அனுப்பிய ஆளுக்கு மனுதாரரின் கணவரே நாற்காலி போட்டது இந்த நிழலில்தான். ஊரிலேயே நல்ல இடம் என்று தேடிப் போட்டிருக்கிறார். மரியாதைக்குரிய விருந்தாளிக்கு எடுத்துக் கொடுக்கிற ஒன்றை அந்த ஊருக்கு வந்த கேடு என்று எப்படிச் சொல்வது?"

தில்லைநாயகம் எழுந்து ஈயத்தைப் பற்றிப் பேசினார், வரைபடத்தில் விட்டுப்போன பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார், மருத்துவர்கள் எழுதியதை எடுத்து வாசித்தார், குரல் உடைகிற வரை பேசினார். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வரைபடத்தில் பள்ளிக்கூடத்தைச் சேர்க்க வேண்டும், புகைபோக்கியை இன்னும் உயர்த்த வேண்டும், சுற்றிலும் மரக்கன்று நட வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார், மனுவைத் தள்ளுபடி செய்தார். வராந்தாவில் வக்கீல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வடிவு அழவில்லை. கோர்ட்டு வாசலில் விற்ற வேர்க்கடலையை வாங்கி, பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே வந்தாள், என்ன தின்றாள் என்று அவளுக்குத் தெரியாது.

ஊரில் அன்று வெடி போட்டார்கள்.

அப்புறம் செங்கல் வந்தது, கம்பி வந்தது, கலவை இயந்திரம் இரைந்தது, வேலிக்குள் சுவர் எழும்பத் தொடங்கியது. சுவர் ஒரு வரிசை ஏறியதும் நிழல் ஓரத்தில் ஒரு முழம் வெளுத்தது. யாரும் கவனிக்கவில்லை. இடுப்பளவு ஏறியதும் முடிவெட்டுகிறவர் கண்ணாடியை ரெண்டடி உள்ளே தள்ளிவைத்தார், வெயில் கண்ணைக் கூசுகிறதே என்றார். கூரைக்கு ரம்பப் பல் வைத்த அன்று பஸ் முக்கில் நின்றவர்களின் தலைக்கு மேல் நிழலில் பல் பல்லாக ஓட்டை விழுந்தது. உள்ளே என்ன எழும்பியதோ அது வெளியே குறைந்தது. கட்டுகிற கட்டடம் தனக்கு வேண்டிய இருட்டை ஊருக்கு முன்பணமாகக் கொடுத்து வைத்திருந்தது போலவும், இப்போது அதைக் கல்கல்லாகத் திரும்ப எடுத்துக்கொள்வது போலவும் இருந்தது. ஊர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. வேலை நடக்கும்போது அப்படித்தான் இருக்கும், முடிந்ததும் முன்னைவிடக் கெட்டியாக விழும், கட்டடம் பெரிசு, நிழலும் பெரிசாக இருக்கும். சிமெண்டுப் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நெருக்கத்தில் அடிதடி வந்தது.

புகைபோக்கிக்குக் கடைசிக் கல் வைத்தார்கள். அன்று நிழல் முழுக்கப் போயிற்று.

ஆலை நின்றது. நாலு ஊருக்குத் தெரிகிற உயரத்தில், புத்தம்புது வெள்ளைச் சுவரோடு, கூரை ரம்பப் பல்லைக் காட்டிக்கொண்டு, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் நின்றது, தரையில் ஒரு கோட்டளவு நிழல் இல்லை. வெயில் அதற்குள் புகுந்து அந்தப் பக்கமாக வந்தது போலப் பொட்டல் முழுக்க ஒரே வெளிச்சம். மேனேஜர் வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, நிழல் தருவதாக நாங்கள் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லையே என்றார். அது உண்மைதான், எங்கேயும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. நட்ட மரக்கன்றுகளை ஆடு தின்றிருந்தது. அடுப்பு மூட்டினார்கள், புகைபோக்கியிலிருந்து நிஜப் புகை இறங்கி, முன்பு அதன் நிழல் எந்தச் சுவரில் ஏறியதோ அதே சுவரில் ஏறி, ஜன்னல் வழியாக ஆறாம் வகுப்புக்குள் போனது. இந்த முறை பிள்ளைகள் அதைப் பிடித்து விளையாடவில்லை, இருமினார்கள்.

வடிவின் களத்தில் வெயில் திரும்பவும் நின்று காய்ந்தது. மிளகாய் நன்றாகக் காய்ந்தது, சலசலத்தது, மேலே மட்டும் துடைக்கத் துடைக்கப் போகாத ஒரு சாம்பல் படிந்தது, வியாபாரி விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். தனுஜா ஏழாம் வகுப்புக்கு வந்திருந்தாள். சாயங்காலம் வந்ததும் பையை வைத்துவிட்டு வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். வடிவு தினமும் அவள் உதட்டை விரலால் தூக்கி ஈறைப் பார்த்தாள். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. "என்னம்மா பாக்கிய?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பல்லு நல்லா வெளக்குதியான்னு பாத்தேன்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஊர் அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. அந்தோணியம்மாள், முடிவெட்டுகிறவர், ஆட்டோக்காரர்கள், சீட்டு விளையாடியவர்கள், சூடம் ஏற்றியவரும் அதில் இருந்தார். வடிவு கதவுநிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள், வாங்க என்று சொல்லவில்லை. ஆவுடையப்பன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுகொண்டான்.

ஆட்டோக்காரர்களில் மூத்தவர்தான் பேச்சை எடுத்தார். "வடிவு, பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. ஒரு கேஸ் போடணும். எங்களை ஏமாத்திட்டானுவ. நிழலத் திருப்பிக் கேட்டு ஒரு கேஸ் போடணும்."

வடிவுக்கு முதலில் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம் வந்தது.

"எதக் கேட்டு?"

"நிழல. அது நமக்கு உரிமைப்பட்டதுல்லா? ஒரு வருசமா அனுபவிச்சிருக்கோம். உன் பேர முதல்ல போடுவோம். கோர்ட்டுக்கு உன் பேரு பழக்கம்."

அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், வெயிலில் எல்லா முகமும் சுருங்கியிருந்தது. குடம் தள்ளிய கை, ஆட்டோவைத் திருப்பி அனுப்பிய வாய், பிள்ளையைத் தனியாக உட்காரவைத்த கண், எல்லாம் அங்கே நின்றன. எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஏச்சுகள் தொண்டை வரை வந்தன. உள்ளே தனுஜா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. வடிவு ஏச்சை விழுங்கினாள், மன்னித்து அல்ல, அதற்கு நேரமில்லை என்று.

"நிழலுக்கு நான் வரமாட்டேன். ஒரு முழ நிழலுக்கும் வரமாட்டேன். நாளைக்கு டவுனுக்குப் போயி எம்புள்ள ரத்தத்தச் சோதிக்கப் போறேன். வக்கீலையும் பாத்துட்டு வருவேன். புகைக்கு வாரவங்க மட்டும் உள்ள வாங்க. அவங்கவங்க வீட்டுப் புள்ளையக் கூட்டிட்டு வரணும். மத்தவங்க போகலாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

யாரும் உள்ளே வரவில்லை, யாரும் போகவும் இல்லை. நிற்க அந்தத் தெருவில் வேறு இடமில்லை. வடிவு வீட்டுச் சுவரின் நிழல் ஒன்றுதான் இருந்தது, சாதாரண நிழல், சூரியன் சொன்னதைக் கேட்கிற நிழல். பொழுது உச்சிக்கு ஏற ஏற அது சுருங்கியது. அவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள், இன்னும் ஒட்டினார்கள், முதுகைச் சுவரில் அப்பிக்கொண்டு, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவில்லை, கிழக்கே புகை இறங்கிக்கொண்டே இருந்தது. சிலர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நிழல் ஒரு விரல் அகலம் ஆனது, அப்புறம் அதுவும் சுவருக்கடியில் போய்விட்டது.

வடிவு அடுப்படியில் தனுஜாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு இருமல் கேட்டது, சின்னப் பிள்ளையின் இருமல். திரும்பிப் பார்த்தாள். அந்தோணியம்மாள் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நடையில் நின்றாள். எப்போது வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டி வந்தாளோ, தலையெல்லாம் வேர்த்து ஊற்றியது. பையனின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி ஈறைக் காட்டினாள்.

வடிவு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தோணியம்மாளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"செருப்ப வெளியில விட்டுட்டு வாங்க" என்றாள்.